பிரஷர் ஸ்விட்ச்: மோட்டார் ஏன் ஓடி ஓடி நிற்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் குளியலறையில் ஷவர் நூல் பிடித்த மாதிரிதான் வரும். ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைப்பது சுமார் 1.4 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) அழுத்தம். தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் 4 பி.எஸ்.ஐ. சொச்சம், அவ்வளவுதான். இதனால்தான் சென்னையில் பலர் பிரஷர் பம்ப் வைக்கிறார்கள். சிலர் போர்வெல் மோட்டாரையே பிரஷர் டேங்கோடு (உள்ளே தண்ணீரும், ரப்பர் பையால் பிரிக்கப்பட்ட காற்றும் இருக்கும் மூடிய டேங்க்) இணைத்து நேராக வீட்டுக் குழாய்களுக்குக் கொடுக்கிறார்கள். எதுவானாலும், மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்வது கையகலப் பெட்டி ஒன்று. அதுதான் பிரஷர் ஸ்விட்ச்.

இதைப் பற்றி அதிகம் கேட்கும் புகார், "மோட்டார் நிமிஷத்துக்கு நாலு தடவை ஓடி ஓடி நிற்குது, ஸ்விட்ச் போயிடுச்சு" என்பது. உடனே புது ஸ்விட்ச் வாங்கி மாட்டுவார்கள். அதுவும் அப்படியே அடித்துக்கொள்ளும். ஏனென்றால் பெரும்பாலும் கெட்டுப்போவது ஸ்விட்ச் அல்ல. பிரஷர் டேங்கில் காற்று இறங்கியிருக்கும்.

ஸ்விட்சுக்கு அடியில் கால் இஞ்ச் நிப்பிள் ஒன்று இருக்கும். அதன் வழியாக வரும் தண்ணீர் ஒரு ரப்பர் தகட்டை மேலே தள்ளும், ஸ்பிரிங் அதைக் கீழே அழுத்தும். 30-50 என்று செட் செய்த ஸ்விட்சில், அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் ஸ்விட்சுக்குள் மின்சாரத்தை இணைக்கும் பாயிண்ட் ஒட்டி மோட்டார் ஓடும். 50-ஐத் தொட்டதும் பாயிண்ட் விலகி நிற்கும். இந்த 20 பி.எஸ்.ஐ. இடைவெளியில் குழாய்க்குத் தண்ணீர் கொடுப்பது டேங்கில் அமுங்கியிருக்கும் காற்றுதான். தண்ணீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம்.

100 லிட்டர் டேங்கில் காற்று சரியாக இருந்தால், மோட்டார் ஓடாமலே சுமார் 30 லிட்டர் எடுக்கலாம். டேங்க் 100 லிட்டர் என்பதால் 100 லிட்டரும் கிடைக்காது. மோட்டார் நிமிஷத்துக்கு 30 லிட்டர் கொடுக்கிறது என்றால், குழாய்களெல்லாம் மூடியிருக்கும்போது டேங்கை நிரப்ப ஒரு நிமிஷம் ஓடும். ஒரு எச்.பி. வரையிலான நீர்மூழ்கி மோட்டார் ஒரு தடவை ஓடினால் குறைந்தது ஒரு நிமிஷமாவது ஓட வேண்டும். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும்; அந்தச் சூடு தணியுமுன் மறுபடி மறுபடி ஸ்டார்ட் ஆனால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) எரியும். போர்வெல்லில் காயில் போனால் முழு பைப்பையும் மேலே தூக்க வேண்டும். அதனால்தான் இந்தக் காற்று விஷயத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

காற்றைப் பார்க்கும் முறை இது. மோட்டாருக்கு மின்சாரம் தரும் எம்.சி.பி.யை (மின் பெட்டியில் உள்ள பாதுகாப்பு ஸ்விட்ச்) அணையுங்கள். டேங்க் பக்கத்துக் குழாயைத் திறந்து, அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை தண்ணீரை வடியவிடுங்கள். வடிக்காமல் அளந்தால் தெரிவது தண்ணீரின் அழுத்தம்தான். பிறகு டேங்கின் தலையில் உள்ள காற்று வால்வில் டயர் கேஜை வையுங்கள். மோட்டார் ஓட ஆரம்பிக்கும் அளவைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாக இருக்க வேண்டும். 30-50 ஸ்விட்சுக்கு 28. குறைந்திருந்தால் சைக்கிள் பம்ப்பாலேயே அடிக்கலாம். 30-ஐத் தாண்டி அடித்துவிட்டால், மோட்டார் கிளம்புமுன்பே டேங்க் காலியாகி, குழாயில் தண்ணீர் ஒரு கணம் நின்று திடுக்கென்று வரும். வால்வு ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் பீறிட்டால், உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது. பையையோ டேங்கையோ மாற்றத்தான் வேண்டும்.

காற்று சரியாக இருந்தும், யாரும் குழாயைத் திறக்காதபோது ராத்திரியில் மோட்டார் ஓடுகிறதா? டேங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் வால்வை மூடிவிட்டுக் கேஜைக் கவனியுங்கள். முள் இறங்கினால், தண்ணீர் மோட்டார் பக்கம் திரும்பிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு கசிகிறது. அசையாமல் நின்றால் ஒழுக்கு வீட்டுக்குள். முதலில் ஃப்ளஷ் டேங்கைப் பாருங்கள்.

ஸ்விட்சே காரணமாவதும் உண்டு. நம் ஊர் போர்வெல் தண்ணீரில் உப்பும், பல இடங்களில் இரும்பும் அதிகம். துருவும் உப்புப் படிவும் நிப்பிளை அடைத்தால் அழுத்தம் ஸ்விட்சுக்கு எட்டாது, மோட்டார் நிற்காமல் ஓடும். நிப்பிளைக் கழற்றிக் கம்பியால் குத்தி எடுங்கள். பாயிண்ட் கருகியிருந்தாலும், இடையில் எறும்பு புகுந்து நசுங்கியிருந்தாலும் மோட்டார் கிளம்பாது. மூடியைத் திறக்குமுன் எம்.சி.பி. கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். மோட்டார் நின்றிருந்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கும். கருகிய பாயிண்ட்டைத் தேய்த்து ஓட்டாமல் ஸ்விட்சை மாற்றிவிடுங்கள். மூன்று பேஸ் மோட்டாரானால் ஸ்டார்ட்டர் வழியாகத்தான் இணைக்க வேண்டும்; ஸ்விட்ச் ஸ்டார்ட்டரின் காயிலை மட்டும் இயக்கினால் போதும்.

இரண்டு ஸ்பிரிங் உள்ள ஸ்விட்சுகளில் பெரும்பாலும் பெரிய நட்டைத் திருகினால் ஓடும் அளவு, நிற்கும் அளவு இரண்டும் சேர்ந்து மாறும். சின்ன நட்டு நிற்கும் அளவை மட்டும் மாற்றும். ஷவர் வேகம் போதவில்லை என்று சின்ன நட்டை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். மோட்டாரால் 45 பி.எஸ்.ஐ.தான் கொடுக்க முடியும், நீங்கள் 50 கேட்டால், அது நிற்கவே நிற்காது. பெரிய நட்டைத் தொட்டால் டேங்க் காற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

கோடையில் போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கும்போது இன்னொரு ஆபத்து. தண்ணீர் வராததால் அழுத்தம் ஏறாது, சாதாரண ஸ்விட்ச் மோட்டாரை வெறுமனே ஓட்டிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் சின்ன லீவர் உள்ள ஸ்விட்ச் இதைத் தடுக்கும். ஓடும் அளவுக்குக் கீழே சுமார் 10 பி.எஸ்.ஐ. இறங்கினால் அது தானே அணைந்துவிடும். மறுபடி ஓட்ட லீவரைக் கையால் பிடித்துக்கொண்டு கேஜைப் பார்க்க வேண்டும். முள் ஏறி 30-ஐத் தாண்டினால் விடலாம். ஏறவில்லை என்றால் போர்வெல்லில் தண்ணீர் இல்லை. ஊற நேரம் கொடுங்கள். லீவரைக் கம்பியால் கட்டிவைத்துவிட்டுப் போகாதீர்கள். வணக்கம்.