தோட்டம் போன பிறகு

[காட்சி: மலேசியா, கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில், காலை. பின்னால் அரங்கம்]

வணக்கம். இந்த அரங்கம் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டியது. அதற்கு முன்னால் இந்தப் பக்கம் இருந்தது ரப்பர் தோட்டம், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள், நம் ஆட்கள். உலகமயமாக்கல் என்றதும் ஏதோ நேற்று மெக்டொனால்ட்ஸ் கடையோடு வந்து இறங்கியது மாதிரி பேசுகிறோம். அது வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அது வந்த கப்பலில்தான் நம் கொள்ளுத்தாத்தாவும் வந்தார்.

1876-இல் பிரேசிலில் இருந்து ரப்பர் விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது, அடுத்த வருஷம் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரம் பிரேசிலில் இருந்து, முதலீடு லண்டனில் இருந்து, ஆள் தமிழ்நாட்டில் இருந்து. எல்லாமே வெளியூர்ச் சரக்கு! ஆனாலும் அதற்குள் கோயில், தமிழ்ப்பள்ளி, திருவிழா என்று ஒரு ஊர் முளைத்துவிட்டது பாருங்கள், எனக்கு அதுதான் ஆச்சரியம்.

[காட்சி: ரப்பர் பால் வெட்டும் உளி, மிக அருகில்]

இது பாட்டியின் உளி. பட்டையை மெல்லிசாகச் சீவணும், ஆழமாக இறங்கினால் மரம் புண்ணாகி அந்த இடத்தில் அடுத்த பட்டை சரியாக வளராது. விடியுமுன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, இருட்டிலேயே மரத்தடி, ஏனென்றால் குளிரில்தான் பால் நன்றாக ஓடும். அவருடைய நிரையில், அதாவது அவர் பால் வெட்டும் மர வரிசையில், எந்த மரம் கஞ்சன் என்றுகூடப் பாட்டிக்குத் தெரியும்.

அப்புறம் செயற்கை ரப்பர், விலைச் சரிவு, ஆள் குறைவாகத் தேவைப்படும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. நடுவில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தார்கள், தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்களே, அது. அப்போதுதான் 1960-இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணம், 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. ரப்பர் விலையை அப்போதும் வெளியே இருந்துதான் சொன்னார்கள், சரி. ஆனால் தோட்டத்தை யாருக்கு விற்பது என்று வெளியே இருந்து யாரும் முடிவு பண்ண முடியாது. உள்ளூர்த்தனம் என்று நான் சொல்வது இதைத்தான், பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் ஆர்கானிக் சோப்பு வாங்குவதை அல்ல.

[காட்சி: அடுக்குமாடி, நடைபாதை]

பாட்டி இப்போது பதினோராவது மாடி. வாசலில் பெயிண்ட் டின்னில் கறிவேப்பிலை. எதிர்வீட்டு அக்கா கேட்காமலே ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போவார், பாட்டி பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்.