கராஜில் ஐந்து மாதம்

வணக்கம் நேயர்களே. என்னைப் பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

இன்று காலை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கார்க் கண்ணாடிகளில் உறைபனி படிந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது கொஞ்சம் மனம் கனக்கிற காலம். இனி ஐந்து மாதத்துக்கு வண்டியை என்ன செய்வது என்று எங்கள் ஆட்கள் பலர் கேட்கிறார்கள். அதிலும் இந்த இரண்டு மூன்று வருடங்களுக்குள் ஓடப் பழகிய பிள்ளைகள்தான் அதிகம். அவர்களை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

நான் இங்கே வாங்கிய முதல் வண்டி ஒரு பழைய ஹொண்டா. ஒரு நவம்பர் மாலை மழைக்குள் ஓடிவந்து, வீட்டுப் பின்பக்கம் நிறுத்தி, நீல நிறத் தறப்பாளால் இறுக மூடிக் கட்டினேன். ராங்கில் பாதிப் பெற்றோல் கிடந்தது. ஏப்ரலில் தறப்பாளை அவிழ்த்தால் அதன் உள்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. செயின் செம்மண் நிறம். ராங்கின் மேல்பாதியில் துரு. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரைக் கழற்றினேன், அதில் பெற்றோல் வரும் ஜெற்றின் துளைகளில் சீனிப் பாணி மாதிரிப் பிசின் அடைத்திருந்தது. பற்றரியின் பக்கச் சுவர் வெடித்துப் பிளந்திருந்தது.

இத்தனைக்கும் நான் காபரேற்றர் தெரியாத ஆளில்லை. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன். சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில சொட்டு விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எத்தனை தரம் கழற்றிப் பூட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் ஒரு வண்டி ஓடாமல் ஐந்து மாதம் நிற்கும்போது அதற்குள் என்ன நடக்கும் என்பதை எனக்கு அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரத் தேவையும் இருக்கவில்லை.

அந்த ஏப்ரலில் நான் கண்ட ஒவ்வொரு சேதத்தையும் தேடிப் பார்த்தால், பெரும்பாலும் தண்ணீரில்தான் போய் முடிந்தது. மைனஸ் இருபதில் நிற்பதால் மட்டும் இரும்பு கெட்டுப் போகாது. ஈரம் இருந்தால் கெடும். வண்டியைக் குளிருக்கு ஒதுக்கி வைப்பது என்றால், தண்ணீர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று பார்த்து அதை வெளியேற்றுவதுதான். இதைப் புரிந்துகொண்டால் கடையில் எதை வாங்குவது, எதை விடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பெற்றோலில் இருந்து தொடங்குகிறேன். நிற்கும் பெற்றோலில் லேசான பகுதிகள் ஆவியாகிப் போகும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். இங்கே சாதாரணப் பெற்றோலில் எதனோல் என்ற மதுசாரம் கலந்திருக்கிறது. அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எதனோலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து ராங்கின் அடியில் போய்த் தங்கும். எஞ்சினுக்கு எரிபொருள் போகிற வழியும் அந்த அடிதானே. பாதி ராங்கில் இன்னொரு தொல்லை. மேலே இருக்கும் வெற்றிடம் பகலில் சூடாகி இரவில் குளிரும்போது, உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் தகரத்தில் படிந்து துருவாகும்.

ஆகவே கடைசி ஓட்டத்தில் ராங்கை நிரப்புங்கள். எதனோல் இல்லாத பெற்றோல் கிடைத்தால் இன்னும் நல்லது. நிரப்பும்போதே, பெற்றோல் கெடாமல் வைத்திருக்கும் எரிபொருள் ஸ்டெபிலைசர் விடுங்கள். பலர் தவறுகிற இடம் இதற்குப் பிறகுதான். ஸ்டெபிலைசரை விட்டவுடனே வண்டியை நிறுத்தினால் அது ராங்கில் மட்டும்தான் இருக்கும். காபரேற்றருக்கோ இன்ஜெக்டருக்கோ போய்ச் சேராது. அதை விட்டபிறகு ஒரு பத்து நிமிடமாவது ஓடிவிட்டு வாருங்கள்.

எஞ்சின் ஒயிலை இப்போதே மாற்றுங்கள். "ஏப்ரலில் எப்படியும் மாற்றத்தானே போகிறேன்" என்று சொல்வார்கள். ஒரு கோடை முழுக்க ஓடிய ஒயிலில் அமிலமும் ஈரமும் எரிந்த கழிவும் சேர்ந்திருக்கும். அதற்குள் பெயரிங்குகள் ஐந்து மாதம் ஊறிக் கிடக்க வேண்டாம்.

அடுத்ததை நான் மன்றாடிக் கேட்கிறேன். ஜனவரியில் கராஜுக்குப் போய், ஆசைக்கு ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தாதீர்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் உருவாகும். வழக்கமான ஓட்டத்தில் அது ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். குளிர்ந்த எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விட்டால் அது வெளியேறும் அளவுக்குச் சூடு வராது. சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் தண்ணீராகத் தங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க எவ்வளவு ஆசை வரும் என்று எனக்குத் தெரியும். சும்மா போய் இருக்கையைத் தடவிவிட்டு வாருங்கள்.

என் பற்றரி வெடித்த கதையும் தண்ணீர்தான். முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய அமிலப் பற்றரி மைனஸ் 50 பாகையில்கூட உறையாது. சார்ஜ் முழுக்க இறங்கிய பற்றரிக்குள் அமிலம் நீர்த்துப்போய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிடும். அது மைனஸ் 10 அளவிலேயே உறைந்துவிடும். உறைகிற தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், சுவர் பிளக்கும். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோங்கள். கழற்றும்போது கறுப்புக் கம்பியை முதலில் எடுங்கள். தானாக நிறுத்திக்கொள்ளும் சின்னச் சார்ஜரில் அதைப் போட்டு வைக்கலாம். லிதியம் பற்றரி என்றால் அதற்கென்று உள்ள சார்ஜர் வேண்டும். பூச்சியம் பாகைக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணவே கூடாது.

தண்ணீரால் குளிர்விக்கும் எஞ்சின் என்றால், அதற்குள் ஓடும் உறையாத் திரவமான கூலன்றைச் சோதியுங்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ற் மைனஸ் 37 வரை தாங்கும். கோடையில் குறைந்துவிட்டது என்று யாராவது வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்தக் கணக்குச் சரிவராது.

சரி, மற்றவை. வண்டியைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். ரயரில் காற்றை முழு அளவுக்கு நிரப்பி, சீமெந்துத் தரைக்கு மேலே ஒரு பலகை போட்டு அதில் நிறுத்துங்கள். மூடுவதற்குத் துணி உறை வாங்குங்கள், தறப்பாள் வேண்டவே வேண்டாம். சைலன்சர் வாயைப் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் அடையுங்கள். சுண்டெலிக்குச் சைலன்சரும் காற்று வடிகட்டிப் பெட்டியும் நல்ல வீடு. இருக்கையின் பஞ்சைப் பிய்த்து உள்ளே மெத்தை போட்டுக் குட்டி போட்டுவிடும். காப்புறுதியை முழுதாக வெட்டிவிடாதீர்கள். நிற்கிற வண்டியும் களவு போகும், தீப்பிடிக்கும். எந்தப் பகுதியை வைத்திருக்கலாம் என்று உங்கள் முகவரிடம் கேளுங்கள்.

எப்போது நிறுத்துவது? நான் கலண்டரைப் பார்ப்பதில்லை, வீதியைப் பார்ப்பேன். முதல் பனிக்கு முன்பே லொறிகள் உப்புக் கரைசலை வெள்ளைக் கோடு கோடாக ஊற்றிக்கொண்டு போகும். அந்தக் கோடுகளைக் கண்ட அன்று என் வருடம் முடிந்தது. உப்பு அலுமினியத்தையும் செயினையும் தின்னும். பிறகு ஒருநாள் வெயில் அடிக்கிறதே என்று ஆசைப்பட்டு எடுக்காதீர்கள், உப்பு இன்னும் வீதியில்தான் இருக்கும்.

அதற்கு முந்திய சில வாரங்களில் ஓடத்தான் செய்வீர்கள். நானும் ஓடுவேன். ஈரி ஏரிக் கரையில் போர்ட் டோவர் என்ற ஊர் இருக்கிறது. 1981 நவம்பர் 13, ஒரு வெள்ளிக்கிழமை, நண்பர்கள் சிலர் அங்கே மோட்டார் சைக்கிள்களோடு கூடினார்கள். அன்றிலிருந்து 13ஆம் திகதி வெள்ளியில் வரும்போதெல்லாம் அங்கே கூட்டம்தான். நானும் ஒரு நவம்பரில் போனேன். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. விரல்கள் விறைத்து, பிரேக் பிடியைத் தொட்டிருக்கிறேனா இல்லையா என்று தெரியவில்லை. பயந்துபோய் ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தினேன். ஹெல்மெற்றின் வாரைக் கழற்ற அந்த விரல்களால் முடியவில்லை. கடையில் நின்ற பிள்ளைதான் கழற்றிவிட்டது.

வீட்டு வாசலில் நின்று பார்க்கிற வெப்பநிலை வேறு, ஓடும்போது உடம்புக்குப் படுவது வேறு. கனடாவில் இப்போது பயன்படுத்தும் காற்றுக்குளிர் கணக்கு 2001இல் வந்தது. அதற்கான சோதனை இங்கே ரொறன்ரோவில்தான் நடந்தது. குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்துக்குள் தன்னார்வலர்களை நடக்கவிட்டு, முகத்தில் எவ்வளவு சூடு போகிறது என்று அளந்தார்கள். அந்தக் கணக்கின்படி, பூச்சியம் பாகையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்றில் வெறும் தோலுக்கு மைனஸ் 11 மாதிரி இருக்கும். 401 நெடுஞ்சாலையில் அந்தக் காற்றை நீங்களே உண்டாக்கிக்கொண்டு போகிறீர்கள்.

பருத்தி உள்ளாடை வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு குளிரும். கம்பளி நல்லது. கழுத்தை மூடுங்கள். சூடாகும் கைப்பிடி வாங்கக் காசு இருந்தால் வேறு எதையும்விட அதை முதலில் வாங்குங்கள். ரயரையும் மறக்க வேண்டாம். 7 பாகைக்குக் கீழே கோடைக்கால ரப்பர் இறுகிப் பிடி குறைந்துவிடும். முதல் பத்து நிமிடம் வளைவுகளில் சாய்க்காதீர்கள். பாலங்களுக்கு மேலேயும் கீழேயும் காற்றுப் போவதால் வீதி உறையுமுன்பே அவை உறைந்துவிடும். நனைந்த இலைக் குவியலும் அப்படித்தான் வழுக்கும்.

ஜெர்மனியில் பனிக்குள்ளேயே ஓடிக் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1956இல் தொடங்கிய யானைச் சந்திப்பு என்று அதற்குப் பெயர். 'பச்சை யானை' என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஒரு ஸுண்டாப் வண்டியிலிருந்து வந்த பெயர் அது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் காட்டுவது ஒன்றைத்தான். அதில் எத்தனை வண்டிகளில் பக்கப்பெட்டி, அதாவது சைட்கார், பூட்டியிருக்கிறது பாருங்கள். அவர்களுக்கு மூன்று சில்லு. எங்களுக்கு இரண்டு.

கடைசியாக ஒரு வேலை, எல்லாம் முடித்து உறையைப் போடுமுன் செய்ய வேண்டியது. ஏப்ரலில் வெயிலைக் கண்டதும் அவசரப்படுவோம், என்னென்ன செய்தோம் என்பது மறந்துபோகும். அதனால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வேகமானிக்கு மேலே ஒட்டிவிடுவேன். என் வண்டியில் இப்போது ஒட்டியிருப்பது இது: "சைலன்சரில் இரும்பு நார் இருக்கு, எடு. பற்றரி அலுமாரிக்குக் கீழே. ரயர் காற்றைக் குறை. முதல் நாள் மெதுவாகப் போ, வீதியில் மணல் கிடக்கும்."