கூண்டே இல்லாத பூனைக் காப்பகம் நல்லதா?

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று நாலு நாளாக மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. ஒரு சகோதரி கேட்கிறார்: "பத்து நாள் வெளியூர் போகிறோம். பூனையை விட ஒரு காப்பகம் பார்த்தோம். சோபா, டிவி எல்லாம் போட்டு வீடு மாதிரியே வைத்திருக்கிறார்கள். கூண்டே கிடையாது, எல்லாப் பூனைகளும் ஒரே ஹாலில் ஜாலியாகத் திரிகின்றன. நம்பி விடலாமா?"

சரி, அந்த சோபா யாருக்கு? பார்க்கப் போன உங்களுக்கு! பூனை மூக்கால்தான் வீட்டை அறிகிறது. கதவு நிலையில், நாற்காலிக் காலில் எல்லாம் அது ஏன் கன்னத்தைத் தேய்க்கிறது என்று முன்பே பேசியிருக்கிறோம். கன்னத்துச் சுரப்பியின் வாசனையைத் தடவித் தடவித்தான் ஓர் இடத்தைத் தனதாக்கிக்கொள்கிறது. அந்த ஹாலில் அதன் வாசனை துளிகூட இல்லை. இருப்பதெல்லாம் முன்பின் தெரியாத பூனைகளின் வாசனை. நாம் ஜாலி என்று நினைக்கிறோம், அது எந்த மூலையில் பதுங்கலாம் என்று தேடுகிறது.

நானே இதில் சொதப்பியிருக்கிறேன். முதன்முதலாக என் பூனையைக் காப்பகத்தில் விட்டபோது, அதன் போர்வையை நன்றாகத் துவைத்து, மடித்து, புதுத் துண்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் இரவு அங்கே பார்த்துக்கொள்கிற அம்மா கூப்பிட்டார். "மணல் தட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது, சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டில் அழுக்குத் துணி ஏதாவது கிடக்கிறதா?" நான் கிளம்பியிருக்கவில்லை, நல்லவேளை. கழற்றிப் போட்ட பனியனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை ஓர் அட்டைப் பெட்டிக்குள் விரித்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்ப் பனியனை முன்னங்கால்களால் மிதித்து மிதித்துப் படுத்தது. விடிவதற்குள் கிண்ணம் காலி. அதனால்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன், துவைக்காதீர்கள்!

அந்தப் பெட்டியும் சும்மா இல்லை. நெதர்லாந்தில் ஆதரவற்ற விலங்குகளுக்கான ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள் மூன்று, நான்கு நாளிலேயே பதற்றம் குறைந்து அமைதியாகிவிட்டன. பெட்டி இல்லாதவற்றுக்கு இரண்டு வாரம்வரை ஆனது. பத்து நாளுக்கு விடுகிற உங்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

ஆனால் அந்தச் சகோதரி என்னிடம் வேறொரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. அந்த ஹாலில், எந்தப் பூனை இன்று சிறுநீர் போகவில்லை என்று யாருக்குத் தெரியும்? ஐந்தாறு பூனைகளுக்குப் பொதுவாக மணல் தட்டுகள் இருந்தால், மணலில் கிடக்கும் கட்டி யாருடையது என்று எப்படிச் சொல்வது? ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் அவசரம், ஓரிரு நாளில் உயிரே போகலாம். மன அழுத்தமும் இதற்கு ஒரு காரணம். சாப்பாடும் அப்படித்தான். இரண்டு மூன்று நாள் எதுவும் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பித்துவிடும், குண்டுப் பூனை என்றால் இன்னும் ஆபத்து. தனி அறை, தனித் தட்டு, தனிக் கிண்ணம் இருந்தால் முதல் நாளே தெரிந்துவிடும். சோபா இல்லாவிட்டால் பரவாயில்லை, ஏறி உட்கார உயரத்தில் ஒரு பலகை இருந்தால் போதும்.

தடுப்பூசி அட்டையைக் கேட்காத இடம் என்றால் பேச்சே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

அதனால் சகோதரி, இன்னொரு முறை போங்கள். "என் பூனை நேற்று எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை முறை சிறுநீர் போனது என்று தினமும் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். நோட்டை எடுத்துக் காட்டினால் விடலாம். சிரித்து மழுப்பினால், தெரிந்தவர் ஒருவரை தினமும் இரண்டு வேளை உங்கள் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், அடுத்த கேள்வி ஒரு கிளி வளர்ப்பவருடையது.