கல்லூரியைப் பாதியில் விடுகிறவர்களை யார் கவனிப்பது?

வணக்கம் நண்பர்களே. ஒலி சரியாகக் கேட்கும் என்று நினைக்கிறேன், மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு இடைநிற்றல் பற்றிப் பேசலாம். பள்ளியில் நடப்பதை விட்டுவிடுவோம். கல்லூரியில் இடம் கிடைத்து, ஒரு செமஸ்டரோ இரண்டோ படித்துவிட்டு, அப்படியே வராமல் போய்விடுகிறார்களே, அவர்களைப் பற்றி.

யாராவது அப்படி நின்றுவிட்டால் உடனே என்ன சொல்கிறோம்? படிப்பு ஏறவில்லை. ஆர்வம் இல்லை. வீட்டில் வசதி இல்லை. மூன்றிலும் காரணம் மாணவரிடமோ வீட்டிலோதான் இருக்கிறது, கல்லூரி பேச்சிலேயே வரவில்லை பாருங்கள். 1975-இல் வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் இந்தப் பேச்சைத் திருப்பிவிட்டார். என்ன மதிப்பெண்ணோடு, எந்தக் குடும்பத்திலிருந்து வந்தார் என்பது மட்டும் போதாது. வந்த இடத்தில் பாடத்தோடும் மனிதர்களோடும் ஒட்டிக்கொண்டாரா என்றும் பார்க்க வேண்டும் என்றார். ஒட்டிக்கொள்வது என்னவோ மாணவரின் வேலை மட்டும்தான் என்பதுபோல அதில் ஒரு தொனி இருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். எனக்கும் அந்தக் குறை நியாயமாகத்தான் படுகிறது.

சரி, ஒருவர் எப்படி நிற்கிறார்? பெரும்பாலும் ஒரே நாளில் முடிவெடுத்து இல்லை. காலை வகுப்புக்கு இரண்டு வாரமாக வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியும். கட்டணத்தில் ஒரு சிறு தொகை பாக்கி என்பது கணக்குப் பிரிவுக்குத் தெரியும். அறையில் யாரோடும் பேசுவதில்லை என்பது விடுதிக் காப்பாளருக்குத் தெரியும். எடுத்த புத்தகங்களை எல்லாம் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது நூலகருக்குத் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய விஷயம் இல்லை. நான்கையும் ஒரே மேசையில் வைத்தால் கதை புரிந்துவிடும். அப்படி எடுத்து வைப்பது யாருடைய வேலை என்று எந்தப் பணிப்பட்டியலிலும் இருக்காது. வளாகம் முழுவதும் சேர்ந்து மாணவரைத் தாங்க வேண்டும் என்று சொல்வதற்கு என் கணக்கில் முதல் பொருள் இதுதான்.

அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012 முதல் இதைக் கணினியை வைத்துச் செய்தது. பழைய மாணவர்களின் பதிவுகளை அலசி, எந்த இடத்தில் சறுக்கினால் பின்னால் பட்டம் கை நழுவுகிறது என்று சுமார் 800 அறிகுறிகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று தெரிந்தால் ஆலோசகருக்குத் தகவல் போகும், அவர் மாணவரை அழைத்துப் பேசுவார். இதில் சுவாரசியமான ஒன்று, நர்சிங் மாணவர்களுக்கு ஆரம்பக் கணிதத் தாளின் மதிப்பெண்ணே பெரிய எச்சரிக்கையாக இருந்ததாம். 'பாஸ் ஆகிவிட்டார், விடு' என்று நாம் கடந்துபோகிற மதிப்பெண்தான் அது.

இதே இடத்தில் பணத்துக்கும் ஒரு வழி செய்தார்கள். கடைசிக் கட்டத்தில் கட்டணம் கட்டக் கொஞ்சம் பணம் குறைகிறது என்பதற்காகப் பெயர் நீக்கப்படுகிறவர்களை அவர்களே தேடிப் பிடித்து, சராசரியாக 900 டாலர் அளவில் உதவி கொடுத்தார்கள். மாணவர் விண்ணப்பம் போடவே வேண்டாம். ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெறுகிறவர்கள் 2003-இல் 32 சதவீதம்தான். பதினைந்து ஆண்டுகளில் அது 50-ஐத் தாண்டியது. இதைச் செய்தவர்களே ஒரே ஒரு கருவியால் வந்த பலன் என்று சொல்வதில்லை, பல சிறு மாற்றங்கள் சேர்ந்துதான்.

அந்த 'விண்ணப்பம் வேண்டாம்' என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். உதவி மையம் திறந்து, வாசலில் பலகை மாட்டிவிட்டு, 'யாருமே வருவதில்லை சார்' என்று சொல்கிற கல்லூரிகள் எத்தனை! மிகவும் தேவைப்படுகிறவர்தான் கடைசியாக வருவார். உதவி கேட்டாலே நம்மை மட்டம் தட்டிவிடுவார்களோ என்ற பயம்.

இந்தப் பயத்தை அழகாகச் சுற்றிப்போன ஒரு முறை மிசௌரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973-இல் டியானா மார்ட்டின் தொடங்கியது. பலவீனமான மாணவர் யார் என்று அவர் தேடவில்லை, கஷ்டமான பாடம் எது என்று தேடினார். நிறையப் பேர் தோற்கிற அல்லது பாதியில் விடுகிற தாளை எடுத்துக்கொள்வார்கள். அதை ஏற்கெனவே நன்றாக எழுதிய ஒரு மூத்த மாணவர் மறுபடியும் அதே வகுப்பில் போய் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். அப்புறம் வாரம் சில முறை குழுவாக உட்கார்வார்கள். யாராவது 'இந்தக் கணக்குக்கு விடை என்ன?' என்றால் அவர் சொல்லமாட்டார். 'குறிப்பில் இதற்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாய், படி' என்பார். பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது, கேட்டவர் அந்த நிமிடம் தூங்கியிருப்பார். பக்கத்தில் இருப்பவரிடம் பாதி இருக்கும், மூன்றாமவரிடம் மீதி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிகளை அவர்களே கரும்பலகையில் எழுதுவார்கள். முதல் மதிப்பெண் வாங்குகிறவரும் வந்து உட்கார்வதால், அங்கே போவதில் யாருக்கும் வெட்கம் இல்லை.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில், அதாவது இரண்டு ஆண்டுப் பட்டம் தரும் கல்லூரிகளில், 2007-இல் ஆசாப் என்ற திட்டம் வந்தது. ஆலோசகர், பயிற்சி வகுப்பு, பாடப்புத்தகம், பயண அட்டை, உதவித்தொகை போக மீதிக் கட்டணத்துக்குப் பணம், எல்லாம் ஒரே கட்டாக. பதிலுக்கு முழுநேரம் படிக்க வேண்டும், ஆலோசகரைத் தவறாமல் பார்க்க வேண்டும். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் இதை ஆய்வு செய்தது. மூன்று ஆண்டில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள், மற்றவர்களில் 22 சதவீதம். தலைக்கு ஆன செலவு 60 சதவீதத்துக்கும் மேல் கூடியது உண்மை. ஆனால் பட்டம் பெற்ற ஒருவருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் செலவு குறைந்திருந்தது. ஒஹையோவில் மூன்று கல்லூரிகள் இதைப் பின்பற்றியபோதும் பலன் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

அவ்வளவு பணம் இல்லாத கல்லூரியும் ஒரு கடிதத்தைத் திருத்தலாமே. 'தங்கள் வருகைப்பதிவு குறைவாக உள்ளது. விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' இதைப் படிக்கிற மாணவர் கல்லூரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா? 'மூன்று வாரமாக உங்களை வகுப்பில் காணவில்லை. இந்த நிலையில் இருந்து மீண்டு வந்தவர்கள் பலர். செவ்வாய் மூன்று மணிக்கு இந்த அறைக்கு வாருங்கள், இன்னார் இருப்பார், இது அவர் எண்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் எழுதியபடி அந்த ஆள் அந்த அறையில் இருக்க வேண்டும், அது முக்கியம். கணினி காட்டுகிற சிவப்புக் குறியும் அப்படித்தான். பின்னால் பேச ஆள் இல்லையென்றால் அது மாணவர் மேல் ஒட்டிய முத்திரை, வேறொன்றும் இல்லை.

ஏற்கெனவே போய்விட்டவர்களைத் திரும்ப அழைப்பது தனி விஷயம். இரண்டு தாள் பாக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனவர்கள், பழைய பாக்கித் தொகைக்காகச் சான்றிதழ் கிடைக்காமல் நிற்கிறவர்கள் என்று நிறைய இருக்கிறது. அதை அடுத்த வீடியோவில் எடுத்துக்கொள்கிறேன். வருகிறேன் நண்பர்களே.