காத்து நின்ன பிறகு ஏறின தண்ணி

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஃபெஞ்சல் புயல்ல நீங்க பார்த்தத வந்து பேசுங்கன்னு வானொலியில இருந்து கூப்பிட்டாங்க. நான் ரொம்ப வருஷம் நர்ஸா வேலை பார்த்து ரிட்டையர் ஆனவ, புதுச்சேரியில கிருஷ்ணா நகர் பக்கம் ஒரு மாடி வீட்ல குடியிருக்கேன், அதனால நான் பேசப்போறது பெரும்பாலும் படுக்கையில இருக்கற நோயாளிங்கள பத்தியும் தண்ணிய பத்தியும்தான் இருக்கும்.

நம்ம ஊர்ல புயல்னு சொன்னாலே எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது தானே புயல்தான். 2011 டிசம்பர் 30, விடியக்காலையில கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறுச்சே, மணிக்கு 140 கிலோமீட்டர் காத்து, மரம் விழாத தெருவே இல்ல, பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சு கெடந்துச்சு, நாள் கணக்கா கரண்ட் இல்லாம கெடந்தோம். அதுல இருந்து நம்ம ஜனங்க புயல காத்த வெச்சுதான் எடை போடறாங்க. கூரைக்கு கயிறு கட்டு, மரக்கிளைய வெட்டு, மெழுகுவத்தி வாங்கி வெய்யி, துறைமுகத்துல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்கன்னு பாரு, காத்து அடங்கிடுச்சா, முடிஞ்சது, போய் படு. இதுதான் பழக்கம்.

ஃபெஞ்சல்ல அந்த பழக்கம்தான் ஆபத்தா போச்சு. அந்த புயல் கரைய கடக்கறப்போ காத்து மணிக்கு 70, 80 கிலோமீட்டர், திடீர் திடீர்னு 90 வரைக்கும் போச்சு, தானேவோட பார்த்தா பாதிக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். 2024 நவம்பர் 30 சாயங்காலம் நம்ம ஊர்கிட்ட கரைக்கு வந்து ராத்திரி பதினொன்னரை வாக்குல கடந்து முடிச்சுது. டிவியில கரைய கடந்துடுச்சுன்னு சொன்னதும் நிறைய வீட்ல அப்பாடான்னு படுத்துட்டாங்க. ஆனா அது கரையேறிச்சே தவிர அந்தாண்ட நகரல, நம்ம தலைக்கு மேலயே நின்னுடுச்சு, மறுநாள் மதியம் வரைக்கும் அங்கயே நின்னுச்சு. புயல் தானா நகராது, மேல் மட்டத்துல அடிக்கிற காத்துதான் அத தள்ளிக்கிட்டு போகும், அந்த தள்ளு குறைஞ்சா நின்ன இடத்துலயே நிக்கும், நிக்கிற வரைக்கும் கடல்ல இருந்து ஈரத்த இழுத்து இழுத்து ஒரே ஊர்மேல கொட்டும். டிசம்பர் 1 காலையில எட்டரை மணி வரைக்குமான 24 மணி நேர கணக்கு புதுச்சேரிக்கு 48 சென்டிமீட்டர். வருஷம் முழுக்க நமக்கு பெய்யறதே சராசரியா 130 சென்டிமீட்டர்தான், அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே நாள்ல. இன்னும் புரியற மாதிரி சொல்லணும்னா, ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி இருந்தா அது மேல மட்டும் அன்னிக்கு 45 ஆயிரம் லிட்டர் விழுந்திருக்கு, பன்னெண்டாயிரம் லிட்டர் லாரியில கிட்டத்தட்ட நாலு லாரி தண்ணி. ஒரு வீட்டுக்கு மட்டும் இது.

அந்த தண்ணி எங்க போகும்? பீச் ரோடு பக்கம் நின்னு பார்த்தவங்க கடலாண்டதான் ஆபத்துன்னு நெனப்பாங்க, ஆனா பழைய டவுன் கடலோரம் கொஞ்சம் மேடா இருக்கு, உள்ள வர வரத்தான் பள்ளம். லாஸ்பேட்டை, கோரிமேடு எல்லாம் உசந்த பூமி, அங்க விழுற மழை சரிவுல இறங்கி எங்க கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கம்தான் வந்து சேருது. வாய்க்கால் வழியா கடலுக்கு போயாகணும், அந்த வாய்க்கால் இருக்கற அகலத்துக்கு சாதாரண மழைக்கே திணறும், பிளாஸ்டிக்கும் மண்ணும் வேற அடைச்சு கெடக்கு. இத வருஷா வருஷம் எல்லாரும் சொல்றோம், நானும் சொல்றேன், தூர் வாராத வாய்க்கால வெச்சுக்கிட்டு மழைய மட்டும் குத்தம் சொல்லக்கூடாது.

எங்க கீழ் வீட்ல ஒரு ஆயா இருக்காங்க, எண்பது வயச தாண்டினவங்க, பக்கவாதம் வந்து வலது கை கால் வராது, யூரின் டியூப் போட்டிருக்கு. பையன் சென்னையில வேலை, மருமகளும் காலேஜ் படிக்கிற பேரனும்தான் கூட இருக்காங்க. அன்னிக்கு சாயங்காலமே கரண்ட் போயிடுச்சு. கரண்ட் போனா முதல்ல யாரும் யோசிக்காத விஷயம் ஏர் பெட். படுக்கைப்புண் வராம இருக்கறதுக்காக போடற மெத்தை அது, சின்ன மோட்டார் காத்த அடிச்சுக்கிட்டே இருக்கும், மோட்டார் நின்னா கொஞ்ச நேரத்துல மெத்தை சப்பையா போயிடும், ஆயா கெட்டிக் கட்டில் மேலயே படுத்த மாதிரி ஆயிடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டி விடும்மான்னு மருமககிட்ட சொல்லியிருந்தேன், அது பாவம் டார்ச்ச வெச்சுக்கிட்டு சரியா புரட்டிக்கிட்டுதான் இருந்துச்சு.

வாசல்ல எல்லாரும் மண்ணு மூட்டை போட்டு வெச்சிருந்தாங்க, தண்ணி தெருவுல இருந்துதான் வரும்னு. முதல்ல வந்தது வாசல் வழியா இல்ல, பாத்ரூம் ஓட்டை வழியா. வெளிய சாக்கடை நிரம்பி தண்ணி மட்டம் உசந்துட்டா குழாய் வழியா திரும்பி வீட்டுக்குள்ளதான் வரும், வாசல எவ்ளோ அடைச்சாலும் இத நிறுத்த முடியாது. நடுராத்திரி தாண்டி அந்த பொண்ணு மேல ஓடி வந்து "அக்கா, பாத்ரூம்ல கருப்பா தண்ணி பொங்குது, நாத்தம் தாங்கல, கொஞ்சம் வர்றீங்களா"ன்னுச்சு. நான் இறங்கி போறப்போ ஹால்ல கணுக்கால் வரைக்கும் இருந்துச்சு, பேசிக்கிட்டு நிக்கறப்பவே ஏறிடுச்சு, அரை சிலிண்டர் கேஸ் இருந்த சிலிண்டர் மிதந்து வந்து ஃபிரிட்ஜ்ல டங்கு டங்குன்னு இடிக்குது. மெயின் ஸ்விட்ச இறக்கிட்டீங்களான்னு முதல்ல கேட்டேன், பேரன் முன்னாடியே இறக்கியிருந்தான், நல்ல பையன். கரண்ட் போயிருந்தாலும் மெயின இறக்கணும், எப்போ திரும்பி வரும்னு யாருக்கும் தெரியாது, இன்வெர்ட்டர் வேற தரையிலதான் எல்லா வீட்லயும் இருக்கு.

ஆயாவ மாடிக்கு ஏத்தணும்னு முடிவாச்சு. எதிர் வீட்டு தம்பிங்க ரெண்டு பேர் இடுப்பளவு தண்ணியில தெருவ தாண்டி வந்தாங்க. அந்த நேரத்துல ஆயா என் கைய புடிச்சு ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க, "பசங்க தூக்கறதுக்கு முன்னாடி எம் பொடவைய சரி பண்ணி வுடுமா"ன்னாங்க. பண்ணி விட்டேன். இத ஏன் சொல்றேன்னா, அவசரத்துல நம்ம நோயாளிய ஒரு மூட்டை மாதிரி தூக்கிடறோம், அந்த ஒரு நிமிஷம் செலவு பண்ணுங்க, அவங்க பயம் பாதி குறையும், நம்ம சொன்னபடி ஒத்துழைப்பாங்க.

தூக்கற விதம் சொல்றேன், கேட்டுக்கோங்க. கை வெச்ச பிளாஸ்டிக் நாற்காலி ஒன்னு போதும், விரிசல் இல்லாம இருக்கணும். உக்கார வெச்சு, போர்வைய நீளமா பட்டையா மடிச்சு மார்புக்கு கீழ சுத்தி நாற்காலி முதுகோட சேர்த்து கட்டிடணும், வராத கைய மடியில வெச்சு அதையும் உள்ள சேர்த்து கட்டணும், இல்லனா கை தொங்கி சுவத்துல சிராய்க்கும். யூரின் பேக்க முதல்ல காலி பண்ணிடுங்க, மடியில வெக்காதீங்க, வெச்சா பைக்குள்ள போனது திரும்பி உள்ள போயிடும், இடுப்புக்கு கீழயே இருக்கற மாதிரி நாற்காலி காலோட கட்டுங்க, டியூப் இழுபடக்கூடாது. படி ஏறறப்போ நோயாளி முதுகு மேல் பக்கம், முகம் கீழ் படிய பார்த்த மாதிரி. பலசாலி ஒருத்தர் பின்னாடி நாற்காலி முதுக புடிச்சு பின்னாலயே ஏறணும், ரெண்டு பேர் முன் காலுங்கள புடிக்கணும், ஒருத்தர் டார்ச் அடிச்சுக்கிட்டு படிய எண்ணி சொல்லணும். எங்க வீட்டு படி நடுவுல ஒரு திருப்பம் இருக்கு, அங்க நாற்காலி திரும்பல, சாய்ச்சு சாய்ச்சு ரொம்ப நேரம் போராடித்தான் திருப்பினோம், கீழ தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. அவங்கள என் கட்டில்ல படுக்க வெச்சுட்டு எட்டி பார்த்தா கீழ அவங்க கட்டில் மட்டத்துக்கு தண்ணி வந்துடுச்சு.

விடிஞ்சப்போ காத்தே இல்ல, மழை மட்டும் நேரா கொட்டிக்கிட்டு இருக்கு. காலையில ராணுவத்துக்காரங்க படகோட வந்தாங்க, கிருஷ்ணா நகர், ஜீவா நகர்னு தெரு தெருவா மாட்டிக்கிட்டவங்கள வெளிய கொண்டு போனாங்க. பின் தெருவுல டயாலிசிஸ் பண்ணிக்கற ஒருத்தர அந்த படகுலதான் ஏத்தி அனுப்பினோம், அவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பண்ணியாகணும், தள்ளி போட முடியாது. மொழி தெரியாத பசங்க, ஆனா வயசானவங்கள தூக்கறதுல அவ்ளோ பதமா இருந்தாங்க, நான் நர்ஸா நின்னு பார்த்து சொல்றேன்.

அதோட முடியல. அந்த மழை மேக்கால போய் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில 50 சென்டிமீட்டர் கொட்டிச்சு, அது தென்பெண்ணை ஆத்துக்கு தண்ணி வர்ற பூமி. அந்த ஆத்துல இருக்கற சாத்தனூர் அணை தாங்காம டிசம்பர் 2 விடியக்காலையில 1.68 லட்சம் கன அடி திறந்தாங்க, செகண்டுக்கு 47 லட்சம் லிட்டருக்கு மேல தண்ணி அது. நம்மள தாண்டி போன மழை ஆத்து வழியா நம்மகிட்டயே திரும்பி வந்துச்சு. பாகூர் பக்கம் கிராமங்க, கடலூர்ல குண்டு உப்பலவாடி, தாழங்குடா எல்லாம் தண்ணிக்குள்ள போச்சு. கடலூர்ல இருக்கற என் தங்கச்சி போன்ல "மழையே இல்லக்கா, தண்ணி மட்டும் ஏறுது"ன்னு அழுவுறா. காத்து நின்னு ரெண்டு நாள், மழையும் விட்டாச்சு, அப்புறம் வருது வெள்ளம். ஆத்தோரம் இருக்கறவங்க நம்ம வானத்த மட்டும் பார்த்தா போதாது, மேல அணையில என்ன நடக்குதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். செல்போன் டவர் போயிடுச்சுனா அதுக்கு பேட்டரி ரேடியோதான், ஒன்னு வாங்கி வெச்சுக்கோங்க.

தண்ணி வடிஞ்ச பிறகு வர்ற வேலை இன்னொன்னு. இன்சுலின் போடறவங்க ஃபிரிட்ஜ் ஓடலன்னு மருந்த தூக்கி போட்டுட்டாங்க, அப்படி போட வேணாம். திறந்து போட்டுக்கிட்டு இருக்கற இன்சுலின் வெயில் படாம முப்பது டிகிரிக்குள்ள இருந்தா பொதுவா நாலு வாரம் தாங்கும், புயல் நேரத்துல வீட்டுக்குள்ள அந்த சூடே இருக்காது, ஈர மணல் போட்ட மண்பானையில வெச்சா இன்னும் நல்லது, ஐஸ் மேல மட்டும் நேரா வெக்காதீங்க. ஆனா வெள்ளத்தண்ணியில முழுகினது எதுவா இருந்தாலும் வேணாம். சம்ப்ப காலி பண்ணி கழுவாம அந்த தண்ணிய தொடாதீங்க, சாக்கடை கலந்திருக்கும், குடிக்கறது கொதிக்க வெச்ச தண்ணிதான். அப்புறம் எலிக்காய்ச்சல். வெள்ளத்துல நடந்தவங்களுக்கு பெரும்பாலும் ஒன்னு ரெண்டு வாரம் கழிச்சு வரும், அதனால யாரும் வெள்ளத்தோட சேர்த்து பார்க்க மாட்டாங்க. காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண்ணு செவப்பு இருந்தா, டாக்டர்கிட்ட போய் முதல் வார்த்தையா நான் வெள்ளத்துல நடந்தேன்னு சொல்லுங்க.

அரசாங்கம் ரேஷன் கார்டுக்கு 5000 ரூபா நிவாரணம் குடுத்தாங்க, வந்த வீட்டுக்கு உபயோகமாதான் இருந்துச்சு. ஆனா நான் கேட்டுக்கறது பணம் இல்லாம செய்யக்கூடியது. மழைக்கு ரெட் அலர்ட்னு சொன்னா 24 மணி நேரத்துல 20 சென்டிமீட்டருக்கு மேல மழைன்னு அர்த்தம், காத்து எவ்ளோங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அந்த வார்த்தைய கேட்ட உடனே, வெளிச்சம் இருக்கறப்பவே, கரண்ட் இருக்கறப்பவே, கீழ் வீட்ல படுத்திருக்கறவங்கள மாடிக்கு ஏத்திடுங்க. வீணா ஏத்திட்டோம்னு ஆனா ஆகட்டும், மறுநாள் இறக்கிக்கலாம்.

எங்க தெருவுல வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு லிஸ்ட் போட்டிருக்கோம், யார் வீட்ல படுக்கையில ஆள் இருக்காங்க, யாருக்கு ஆக்சிஜன் மெஷின், யாருக்கு டயாலிசிஸ், யாருக்கு இது பிரசவ மாசம், அவங்களுக்கு எந்த மாடி வீடு, தூக்க யாரெல்லாம் வருவாங்க, எல்லாம் எழுதியாச்சு, கீழயே 1070, 1077, 112 நம்பருங்களும் இருக்கு. நெட் போயிடும்னு பேப்பர்லயும் எழுதி ஒவ்வொரு வீட்லயும் ஒட்டியிருக்கோம். ஆயாவுக்கு எங்க வீட்டு முன் ரூம். அந்த எதிர் வீட்டு தம்பிங்க வந்து வெறும் நாற்காலிய ஒரு தடவ தூக்கி பார்த்தாங்க, திருப்பத்துல இடிச்ச பழைய நாற்காலிய விட்டுட்டு கொஞ்சம் குறுகலா கை வெச்சது ஒன்னு வாங்கியிருக்கோம், அது திரும்புது. உங்க வீட்டு படியிலயும் ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவ தூக்கி பார்த்துடுங்க.

நன்றி, வணக்கம்.