ஓடிபி மாம்பலத்தில், நான் சிங்கப்பூரில்: வெளிநாடு போகும்போது உங்கள் சிம் என்ன ஆக வேண்டும்?

வணக்கம். போன வருஷம் சிங்கப்பூரில் ஒரு காலை, மணி ஏழு. வீட்டு வாடகைக்குக் கடைசி நாள் என்று நெட் பேங்கிங்கைத் திறந்தேன். ஓடிபி கேட்டது. அது வந்தது, ஆனால் மேற்கு மாம்பலத்துக்கு. இந்திய சிம்மைக் கழற்றி ஒரு பழைய போனில் போட்டு, வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அங்கே மணி நாலரை. வாட்ஸ்அப்பில் அம்மாவை எழுப்பினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, "இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்" என்ற வரியையும் சேர்த்து நிதானமாகப் படித்து முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. மூன்றாவது தடவையும் தவறி, வங்கி என் கணக்கைப் பூட்டிவிட்டது.

அதனால் இந்த வீடியோவில் டேட்டாவைப் பிறகு பார்ப்போம். வெளிநாட்டில் டேட்டா வாங்குவது காய்கறி வாங்குவது மாதிரி, எங்கேயும் கிடைக்கும். பழைய நம்பரை எப்படிக் கூடவே கொண்டுபோவது? அதுதான் முதல் வேலை.

(திரையில்: தனுஷ்கோடி கடற்கரை)

தனுஷ்கோடி போயிருக்கிறீர்களா? கடலோரம் நிற்கும்போது சிலருக்கு "இலங்கைக்கு நல்வரவு" என்று எஸ்எம்எஸ் வரும். அக்கரை டவரின் சிக்னலை போன் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ரோமிங் என்பதும் இதேதான். அந்த ஊர் நிறுவனத்தின் டவரை நம் நிறுவனம் நமக்காக வாடகைக்கு எடுக்கிறது. அந்த வாடகை நம் தலையில் விழுகிறது.

இதில் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சர்வதேச ரோமிங் வேறு, டேட்டா ரோமிங் வேறு. முதலாவதைக் கிளம்பும் முன்பே உங்கள் நிறுவனத்தின் செயலியில் போய் இயக்கிவிடுங்கள். இரண்டாவதை, ரோமிங் பேக் போடாவிட்டால், போன் செட்டிங்கில் அணைத்தே வையுங்கள். இப்படி வைத்தால் ஓடிபி வரும், டேட்டா கசியாது. உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு கிடையாது. ஆனால் அழைப்பு வந்து நீங்கள் எடுத்தால் உண்டு. மயிலாப்பூர் மாமா சும்மா நலம் விசாரிக்கக் கூப்பிட்டாலும் மீட்டர் ஓடும்.

சரி, ஆறு மாதம், ஒரு வருஷம் என்று போகிறவர்கள்? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி, 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால்தான் ப்ரீபெய்டு எண்ணைத் துண்டிக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும். ஆனால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். எண் உயிரோடு இருப்பது வேறு, அதில் எஸ்எம்எஸ் வந்து சேர்வது வேறு. ரீசார்ஜ் காலம் முடிந்தால் கொஞ்ச நாளில் உள்வருவதும் நின்றுபோகும். நீண்ட கால ரீசார்ஜ் ஒன்றைப் போட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.

அங்கேயே குடியேறுகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு வெளிநாட்டு எண்ணை இணைத்து யுபிஐ பயன்படுத்தலாம். 2023 ஜனவரியில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ இதற்கு அனுமதி தந்தபோது சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா உட்பட பத்து நாடுகள் பட்டியலில் இருந்தன.

(திரையில்: போன் செட்டிங், இரண்டு சிம்)

இப்போது டேட்டா. என் ஏற்பாடு இதுதான்: இந்திய சிம் அதன் இடத்திலேயே, வெளிநாட்டு எண் இ-சிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்மாக. உங்கள் போனில் இ-சிம் வசதி உண்டா என்று பார்க்க *#06# அடியுங்கள்; இஐடி என்று ஓர் எண் தெரிந்தால் உண்டு. இ-சிம் வாங்கும்போது தரும் கியூஆர் கோடை இன்னொரு திரையிலோ காகிதத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். அதே போனில் கோடு இருந்தால் எதைக் கொண்டு ஸ்கேன் செய்வது? இ-சிம் விற்பவருக்கு இந்தியாவில் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இ-சிம் விற்கும் ஏரலோ, ஹோலாஃப்ளை செயலிகள் இரண்டும் 2024 ஜனவரியில் இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது இந்த அனுமதி விஷயத்தில்தான்.

வாட்ஸ்அப் "எண்ணை மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே ஓடும்.

அப்புறம் நாட்டுக்கு நாடு ஒரு குணம். துபாயில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 முதல் பிரான்ஸ் சிம் ஜெர்மனியிலும் கூடுதல் கட்டணமின்றி வேலை செய்யும். சுவிட்சர்லாந்து அதில் சேர்த்தி இல்லை, டூர் போகிறவர்கள் மாட்டுவது அங்கேதான். சீனாவில் மட்டும் நான் ரோமிங் பேக்தான் சொல்வேன். ரோமிங்கில் டேட்டா பொதுவாக இந்தியா வழியாகச் சுற்றிவருவதால் அங்கே தடுக்கப்பட்டிருக்கும் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்கும். உள்ளூர் சிம்மில் திறக்காது.

அமெரிக்கா போகிறவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் புதுப் போன் எடுக்கும்போது, அது எந்தெந்த பேண்டில், அதாவது அலைவரிசையில், வேலை செய்யும் என்று பெட்டியிலோ இணையத்திலோ பாருங்கள். அங்கே 2022-ல் 3ஜியை மூடிவிட்டார்கள், 4ஜி வழியாகப் பேசும் வோல்ட்டி வசதி இல்லாமல் பேச முடியாது. அங்குள்ள டி-மொபைல் நிறுவனத்தின் சிம் எடுப்பதாக இருந்தால் பேண்ட் 71 இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.