வரப்பின் இரண்டு பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். நான் பல வருடம் சங்கிலியும் டேப்பும் தூக்கிக்கொண்டு வயல் வயலாக நடந்த நில அளவைக்காரன். எனக்குப் பேசக் கிடைத்தால் வரப்பைப் பற்றித்தான் பேசுவேன்.

வரப்பு எப்படித் தேய்கிறது என்று வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும். அண்டை வெட்டும்போது, அதாவது வரப்போரத்தைச் செதுக்கும்போது, புல்லோடு மண்ணும் சேர்ந்து வந்துவிடும், அந்தப் பக்கத்துக்காரர் வெட்டும்போதும் அதே கதைதான், யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. பத்து வருடம் போனால் அதில் நிமிர்ந்து நடக்க முடியாது. அப்போது கிளம்பும், நீ வெட்டினாயா நான் வெட்டினேனா என்று. கணக்குப் பாருங்கள்: நூறு மீட்டர் வரப்பில் ஓரடி போனால் சுமார் 30 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். நூற்றில் ஒரு பங்குகூட வரவில்லை. இதற்காகக் கல்யாணத்துக்குப் போகாதவர்களை, சாவுக்குப் போகாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படி இரண்டு பேர், மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. அளக்கப் போன அன்று என் உதவியாளுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் டேப்பின் ஒரு முனையை இவரிடமும் மறுமுனையை அவரிடமும் கொடுத்தேன். முதலில் எல்லாம் என் வழியாகத்தான்: "அவரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க சார்." வெயில் ஏற ஏற அது "இன்னும் கொஞ்சம் இழுங்கண்ணே" ஆகிவிட்டது. கணக்கு காட்டிய இடத்தில் தோண்டினோம். ஒன்றரை அடி ஆழத்தில், வேர் சுற்றிக்கொண்டு பழைய எல்லைக்கல் கிடந்தது. இளையவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் தலையில் ஒட்டிய களிமண்ணை விரலால் வழிக்க, செதுக்கிய கோடு தெரிந்தது. ஒன்பது அங்குலம்தான் வித்தியாசம், அதுவும் புகார் கொடுத்த பெரியவர் பக்கம்தான் கூடுதலாக இருந்தது. அவர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மண்வெட்டியை வாங்கி, புது வரப்புக்கு முதல் மண்ணை அவரே வெட்டிப் போட்டார்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அளக்கும்போது இரண்டு பேரும் நில்லுங்கள். ஒருவர் இல்லாமல் நட்ட கல்லை மற்றவர் நம்பவே மாட்டார். பண்டைய ரோமானியர்கள் எல்லைக்கல்லுக்கென்றே டெர்மினஸ் என்று ஒரு தெய்வம் வைத்திருந்தார்கள். பிப்ரவரி 23 அன்று இரண்டு நிலத்துக்காரர்களும் ஒரே கல்லுக்கு அவரவர் பக்கத்திலிருந்து மாலை போட்டு, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த விழா இது.

இன்னொன்று. போனில் அளந்து பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். திறந்த வெளியிலேயே போன் காட்டும் இடம் நாலைந்து மீட்டர் தள்ளிப் போகலாம், உங்கள் தகராறோ ஓரடிக்கு. பழைய ஆவணமும் அப்படித்தான். 66 அடிச் சங்கிலியால் அளந்த காலத்தில், வளையங்கள் தேயத் தேயச் சங்கிலி நீண்டுவிடும். காகிதத்துக்கும் தரைக்கும் சில அங்குலம் இடித்தால் பக்கத்துக்காரர் திருடினார் என்று ஆகாது.

வடிகால் தண்ணீரைப் பற்றியும் நிறைய வைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, மரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: வரப்போர மரத்தில் ஒரு கிளையைக் கழிப்பதானாலும் முந்தின நாளே அந்தப் பக்கம் போய்ச் சொல்லிவிடுங்கள். மரம் யாருடையது என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வணக்கம்.